சட்டைக்காரரின் முதுகு

"புரட்டுண்ணா, அப்பாவை எடுக்க ஆளுங்க வந்துடுவாங்க" என்று அவசரப்படுத்தினாள் மகள். பஸ் ஓட்டிக் காய்த்த கையால் அண்ணன் அப்பாவின் உடலைப் பிடித்தான். இருவருமாக அவரைக் குப்புறக் கிடத்தினார்கள்.

தெருவில் அப்பாவுக்குச் சட்டைக்காரர் என்றுதான் பெயர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் சட்டையைக் கழற்ற மாட்டார். "எங்க வீட்டுக்காரர் சட்டையோட பொறந்தவரு" என்று அம்மா கேலி பேசியே மறைத்துவிடுவாள்.

வெள்ளைக்காரன் ஆண்டபோது, பதினாறு வயதில், அப்பாவைத் தடுப்பு முகாமில் கட்டிவைத்து அடித்தார்கள். அங்கே அடிபட்டவர்கள் சேர்ந்து இப்போது அந்த வெள்ளைக்காரன் நாட்டு நீதிமன்றத்திலேயே நஷ்டஈடு கேட்டிருக்கிறார்கள். போன வருஷம்தான் அப்பா வாய் திறந்தார். "காசு கெடக்கட்டும். செஞ்சது தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் வக்கீலிடம். ஆனால் முன்பு ஆஸ்பத்திரியில், வெட்கப்பட்டுக்கொண்டு, மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லித் தொலைத்திருந்தார். எதிர்த்தரப்பு, அப்படி எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தழும்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார் வக்கீல். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றே தள்ளிய அப்பா, இன்று காலை போய்ச் சேர்ந்துவிட்டார்.

"உயிரோட இருந்தப்ப காட்டாத மனுஷன். இப்ப நாம தொறந்து காட்டணுமா?" அண்ணன் கேட்டான்.

"மண்ணுக்குள்ள போயிட்டா, மரத்துலேர்ந்து விழுந்தவராவே போயிடுவாரு."

தையல் கத்தரியாலேயே சட்டையை வெட்டி எடுத்தாள். ஐயோ! தோள் முதல் இடுப்புவரை, முதுகு கண்டபடி ஒட்டுப்போட்ட துணிபோல் இருந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இதைப் பார்த்ததில்லையே. வக்கீல் சொன்னபடி, தழும்பின் அளவு தெரிய, தன் பிள்ளையின் பள்ளிக்கூட ஸ்கேலை முதுகில் வைத்துப் படமெடுத்து அனுப்பினாள். வாசலில் சவ வண்டி வந்து நின்றது.

உடனே வக்கீல் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. யார் முதுகோன்னு சொல்லிடுவாங்க. முகமும் சேர்ந்து விழணும்."

"செத்தவர் முகத்தையா சார்?"

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? வேற வழி தெரியலை."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது? ஃபோனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அண்ணன் கட்டிலருகே குனிந்தான். தாடையைப் பிடித்து, அப்பாவின் முகத்தை மெல்ல அவள் பக்கம் திருப்பினான். அவள் சீப்பை எடுத்து, நெற்றியில் விழுந்து கிடந்த முடியை வாரிவிட்டாள்.