கொண்டி வைத்த கதவு

பிளெக்ஸைக் கட்டி முடித்ததும் பெரியநாயகம் சந்தின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது. நடுவில் அவரிடம் துப்புரவு வேலை பார்க்கும் பேராச்சி, ஆளுயரத்துக்கு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு. மேலே ‘பெண் பணியாளர் புகார்க் குழு’, கீழே ‘தலைவி: திருமதி பேராச்சி’. ஓரத்தில் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் மற்ற உறுப்பினர்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு பிளெக்ஸ் அடித்துத் தருகிற கடைக்காரன், பழக்கதோஷத்தில் மூலையில் ஒரு வேப்பிலைக் கொத்தையும் சேர்த்திருந்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மும்பை செம்பூரில் ஓர் அரசு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் கான்ட்ராக்ட் அவருடையது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் தாராவியிலுள்ள அவருடைய கோடவுனுக்கு வந்து, யூனிபார்ம் மாற்றிக்கொண்டு டெம்போவில் ஏறுவார்கள். கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஒரு நிபந்தனை வந்தது. பெண்களுக்குத் தொல்லை ஏதும் வந்தால் விசாரிக்கச் சட்டப்படி ஒரு குழு வேண்டும். மூத்த பெண் ஒருத்தி அதற்குத் தலைவி. வெளியாள் ஒருவர் உறுப்பினர். பெயர்களை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். அந்த அலுவலகத்து ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். பெரியநாயகத்துக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. கொடைக் கமிட்டியில் வருஷக்கணக்காக அவர் துணைத்தலைவர். நோட்டீஸில் பெயர் வரும், கழுத்தில் மாலை விழும், வேலை என்று ஒன்றும் கிடையாது. கமிட்டி என்றால் அவ்வளவுதான் என்பது அவருடைய எண்ணம். அதைத் தவிர மனுஷனிடம் பெரிய குறை சொல்ல முடியாது.

பேராச்சியோ இதற்குமுன் எந்தக் கமிட்டியிலும் இருந்தவள் இல்லை. அதனால் நிஜமாகவே தலைவியாகிவிட்டாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சந்துப் பெண்கள் அவளிடம் வந்து நின்றார்கள். “அது நம்ம கமிட்டில வராதுளா” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிற்று. வெளியாள் உறுப்பினராக மாட்டுங்காவிலிருந்து அபயாம்பாள் வந்தார். பாங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், பெண்கள் சங்கம் ஒன்றில் இருக்கிறவர். ஒரு காலை முழுவதும் பெண்களோடு உட்கார்ந்து, எதைப் புகாராகச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று விளக்கிவிட்டுப் போனார். பெரியநாயகமே டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். வினையை விலைக்கு வாங்குகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே பேராச்சி அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, கூட்டம் போட்டோம். புகார் ஒண்ணு வந்திருக்கு.”

“புகாரா? யாரு மேல?”

“ஒங்க மச்சினன் மேல.”

மகேஷ்குமார்தான் சூப்பர்வைசர், டெம்போ ஓட்டுவதும் அவன்தான். உடை மாற்றுகிற இடத்துக்குத் தொங்கியது ஒரு பழைய திரை. நேரமாகிவிட்டால் அவன் அந்தத் திரையை விலக்கி, “சலோ சலோ” என்று அவசரப்படுத்தித் தலையை நீட்டுவான்.

“சேலையக் கையில புடிச்சிட்டு நிக்கையில எட்டிப் பாக்கான். சொல்லியும் கேக்கல. எல்லாருந்தான் புகார் குடுத்திருக்கோம். அவன் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும், திரைய எடுத்துட்டுக் கொண்டி வச்ச கதவு போடணும்னு கமிட்டில முடிவு பண்ணியிருக்கோம்.”

பெரியநாயகம் மனதுக்குள் கணக்குப் போட்டார். புகார் என்று ஒன்று ஆபீசர் கண்ணில் பட்டால் கான்ட்ராக்ட் போச்சு. அதோடு இத்தனை பேர் வேலையும் போகும்.

“பேராச்சி, ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் புகார் ஒண்ணும் இல்லன்னு சொல்லிரு தாயி.”

பேராச்சி வெளியே பிளெக்ஸைக் கைகாட்டினாள். “ஊரே பாக்கக் கும்பிட வச்சிட்டிய. இப்பப் பொய் சொல்லச் சொல்லுதிய. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு அதுக்குக் கீழ நடக்க?”

அவர் அபயாம்பாளுக்குப் போன் போட்டார். “ஆபீசர் எப்படி எடுத்துப்பாரோ எனக்குத் தெரியாது. ஆனா கமிட்டி சொன்னதை நீங்க செஞ்சாகணும் மிஸ்டர் பெரியநாயகம். அதுவும் சட்டந்தான்” என்றார் அவர். கடைசி நம்பிக்கையாக மனைவி சங்கரேஸ்வரியிடம் சொன்னார். தம்பிக்கு ஒன்று என்றால் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவள் ஆயிற்றே. அவளோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க கதவு வாங்கப் போறியளா, இல்ல நான் போகட்டா?” என்று செருப்பை மாட்டினாள்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் மகேஷ்குமார் நின்றான். “டைம் ஆயிட்டுன்னுதான்க்கா...” என்று ஆரம்பித்தான்.

“காரணம் கேக்கல. தப்பத் தப்புன்னு சொல்லு” என்றாள் பேராச்சி.

“தப்புத்தான்க்கா. மாஃப் கரோ. இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன்.” அவன் காது சிவந்திருந்தது.

சயான் பக்கத்து மரக்கடையிலிருந்து கைவண்டியில் கதவு வந்தது. இழுத்து வந்தவனும் மகேஷ்குமார்தான். பெண்கள் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். யாரோ கதவுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள். சந்து முனை திரும்பியதும் ஒருத்தி குலவை போட, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாடியிலிருந்து ஒருவர், “என்ன அண்ணாச்சி, இந்த வருஷம் கொடை முன்னாலயே வந்துட்டா?” என்று கேட்டார். “ஆமா, கதவுக்குக் கொடை” என்றார் பெரியநாயகம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆபீசர் பயம் உள்ளுக்குள் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் துணைத்தலைவராக இருந்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாய்த்ததில்லை. நடை தானாகவே துள்ளியது.

ஆபீசர் காலையிலேயே வந்துவிட்டார். பிளெக்ஸை வெகுநேரம் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டியவர், ஓரிடத்தில் விரலை வைத்து, புகார் ஒன்று என்று போட்டிருக்கிறதே, என்ன அது என்று இந்தியில் கேட்டார். பெரியநாயகத்துக்குச் சமாளிக்க ஒன்றிரண்டு பொய்கள் வாய்வரை வந்தன. முழுங்கிவிட்டு, தெரிந்த இந்தியில் நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஆபீசர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த அறையைக் காட்டுங்கள் என்று எழுந்தார்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெண்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்; பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. ஆபீசர் நேரே போய்க் கதவைத் தள்ளக் கையை நீட்டினார்.

பெரியநாயகத்தின் கை குறுக்கே போய்விட்டது.

“சாப், தட்டணும். அப்படி கோல்னா நஹீ.”

தட்டாமல் திறக்கக் கூடாது என்று தமிழும் இந்தியுமாகச் சொன்ன பிறகுதான் யாருடைய கையை மறித்தோம் என்று அவருக்கு உறைத்தது. மறித்தது மறித்ததுதான் என்று, கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

“யாரு?” பேராச்சியின் குரல்.

“நாந்தாம்மா, பெரியநாயகம். ஆபீசர் வந்திருக்காவ.”

“ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி.”

உள்ளே சிரிப்பு பொங்கி அடங்கியது. ஆபீசர் ஒரு கணம் அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றார். பெரியநாயகமும் பக்கத்தில் நின்றார். வாசலில் டெம்போவுக்குள் மகேஷ்குமார் கடிகாரத்தைப் பார்ப்பதும், ஹாரனுக்குப் போன கையை மடியில் வைப்பதுமாக இருந்தான். காற்றில் பிளெக்ஸ் உப்பி உப்பி அடங்கியது. உள்ளே கொண்டியை எடுக்கும் சத்தத்துக்காக மூன்று ஆண்களும் காத்துக்கொண்டு நின்றார்கள்.