விரல்களுக்கும் பூசிய பத்து

நீர்வேலியில் வாழைக்கு வாய்க்கால் தண்ணீர் மாறப் போன சீவரத்தினம் வரம்பில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் மளுக்கென்று போயிற்று. எக்ஸ்றேயைப் பார்த்த டொக்டர், தகடு வைத்து ஆணி இறுக்க வேண்டும் என்றார். மனுசன் கேட்டாரா?

"அண்ணையும் உப்பிடித்தான் போனவர். ஒற்றைக் காலோடை வந்தவர். செத்தாலும் என்ரை காலிலை கத்தி படவிடமாட்டன்."

சண்டைக் காலத்தில், மருந்தே இல்லாத ஆசுப்பத்திரியில், அண்ணன் கனகரத்தினத்துக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அது அந்தக் காலம் என்று மனைவி ஞானாம்பிகை தலைதலையாய் அடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடாத பிறவி அது. அவள் என்ன செய்வாள்?

முறிவு வைத்தியர் எலும்பைப் பொருத்தி, கரியபோளம் அரைத்த கறுப்பு மருந்துப் பத்துப் போட்டு, மட்டை வைத்து இறுக்கிக் கட்டினார். விரல்களை மட்டும் வெளியே விட்டார்.

"விரலைப் பாத்துக்கொண்டிருங்கோ, பிள்ளை. நிறம் மாறினால், குளிர்ந்தால், கட்டை அவிட்டுப்போட்டு உடனை ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ."

அவள் பார்க்கத்தான் செய்தாள். மறுநாள் விரல்கள் வீங்கின. அவர் நோவில் வீடதிரக் கத்தினார். வீக்கத்துக்குப் பத்துத்தானே மருந்து? மிஞ்சிக் கிடந்ததை எடுத்து விரல்களுக்கும் தடிப்பாய்ப் பூசினாள். காயக் காய மேலே மேலே பூசினாள். பாவி, அக்கறையாய்த்தான் செய்தாள்.

பிறகு நோ நின்றது. சீவரத்தினம் சிரித்தார், கோப்பி கேட்டார். "பாத்தியே? கத்தி வைக்க வந்திட்டாங்கள்!" அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அறையில் எலி செத்த மணம் ஒன்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அலுமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்குக் கீழும் தேடினாள். எலியைக் காணவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் கனகரத்தினம் பொய்க்காலை இழுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்க வந்தார். அந்த மணம் பட்டதும் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நோ எப்பிடியடா?"

"துண்டற இல்லை அண்ணை!"

அவர் ஞானாம்பிகையைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கும் நோ நிண்ட பிறகுதான் பிள்ளை காலை எடுத்தவங்கள். உந்த விரலை ஒருக்காக் கழுவு."

வாளி நிறைய இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுபோய், காலுக்குக் கீழே பேசினை வைத்து ஊற்றினாள். முதலில் கறுப்பாய் ஓடியது. பிறகு தெளிந்து ஓடியது. விரல்கள் கறுப்பாகவே இருந்தன. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், திரும்பவும் ஊற்றினாள். கடவுளே, போகவே இல்லை.

முகட்டைப் பார்த்துப் படுத்திருந்த சீவரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னப்பா, வாளியை வைச்சுக்கொண்டு என்ன யோசினை? தண்ணியை ஊத்தன்."

வாளியில் சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை.