நாலு பெட்டித் தோட்டா

1.

இந்தக் கதை என் கைத்தொலைபேசியில் கிடக்கும் ஒரு குரல்பதிவிலிருந்து பிறந்தது. வியாழக்கிழமை வந்தது. இன்று சனி மத்தியானம். அதற்குப் பதில் சொல்லாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தாளனாக இருப்பதில் இப்படி ஒரு வசதி உண்டு.

முதல் தொடக்கம்: "பிக்கரிங்கில் உள்ள துப்பாக்கிக் கடைக்குள் நவரட்ணம் நுழைந்தபோது பனி கொட்டிக்கொண்டி

[பனி கொட்டவில்லை. நல்ல வெயில். ரொறன்ரோவில் ஒரு தமிழன் தனியாக நடந்தால் உடனே பனியைக் கொட்டவைப்பது என் பழைய வியாதி.]

இரண்டாம் தொடக்கம்: "இக்னேசியஸ் எட்டு வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவன். போன வருடம் அவன் நவரட்ணத்தை ஒரு பேச்சுக்கு அழைத்தான்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2.

நவரட்ணத்துக்கு அறுபத்திரண்டு வயது. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருக்கிறார். இக்னேசியஸோடு ஒரே தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி சந்திரவதனா போன வருடம் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து, வாசலில் கிடந்த செருப்புக் குவியலுக்குள் இக்னேசியஸ் தன் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நவரட்ணம் பின்னால் வந்து நின்றார். போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லாமல் போக முடியவில்லை.

"அண்ணை, வேலையிடத்து ஆக்களோட நான் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போறனான். வாற வருசம் நீங்களும் வாங்கோவன்."

இது அழைப்பு இல்லை என்பது நம் ஆட்களுக்கு விளங்கும். சப்பாத்து மாட்டும் நேரத்தில் வாயில் வருகிற மரியாதை. கேட்டவர் "ஓம், ஓம், பாப்பம்" என்று சொல்லவேண்டும். நவரட்ணமும் அப்படித்தான் சொன்னார்.

பிறகு போய்த் துப்பாக்கி வகுப்பில் சேர்ந்தார். சோதனை எழுதினார். உரிமத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார். வேட்டைக்காரருக்கான வகுப்பு, செம்மஞ்சள் தொப்பி, மானுக்கான அனுமதிச் சீட்டு என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்து இக்னேசியஸுக்கு அனுப்பினார். இக்னேசியஸ் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டைவிரல் படக்குறி அனுப்பினான்.

(இந்த இடத்தில் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். கோழி உரிக்கும்போது முகத்தைத் திருப்புகிற மனிதர் மானைச் சுடுவாரா? சுடமாட்டார். அவருக்கு மான் வேண்டியதில்லை. நாலு நாளைக்கு, ஒரு மரக்குடிலில், யாரோடாவது இருந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.)

3.

வியாழன் பகல். துப்பாக்கிக் கடையில் வேலைக்கு நின்றவள் துவாரகா, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"அங்கிள், உங்கட ரைஃபிள் வட் கலிபர்? எந்த அளவுத் தோட்டா?"

நவரட்ணத்திடம் துவக்கே இல்லை. இக்னேசியஸ் ஒன்று இரவல் தருவான் என்று நம்பியிருந்தார்.

"பொறு பிள்ளை, தம்பியைக் கேக்கிறன்" என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு இக்னேசியஸை அழைத்தார். "தம்பி, எந்தச் சன்னம் வாங்க?"

"எதெண்டாலும் பரவாயில்லை, அண்ணை. வேலையில நிக்கிறன்."

[துப்பாக்கி பிடித்தறியாத வாசகருக்கு: ஒரு துப்பாக்கிக்கு அதற்குரிய அளவுத் தோட்டாதான் போடலாம். மாற்றிப் போட்டால் உள்ளே போகாது, போனால் ஆபத்து. எட்டு வருட வேட்டைக்காரன் ஒருவன் எதெண்டாலும் பரவாயில்லை என்று சொன்னால், அவன் உங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போவதில்லை என்று அர்த்தம்.]

துவாரகாவுக்கு அது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவள் பேசாமல் நின்றது தொலைபேசியில் எனக்குக் கேட்டது.

எனக்கு.

சரி. இக்னேசியஸை அழித்துவிடுங்கள். அப்படி ஒருவன் இல்லை. சப்பாத்தைத் தேடியது நான். கட்டைவிரல் அனுப்பியதும் நான்தான்.

4.

அரை மணித்தியாலம் கழித்து அவர் திரும்ப அழைத்தார். நான் எடுக்கவில்லை. குரல்பதிவு இது:

"தம்பி, நீங்கள் பிசி போல. நாலு பெட்டி வாங்கிப்போட்டன். நீங்கள் நாலு பேரெல்லோ, வெறுங்கையோட வாறது சரியில்லை. அந்தப் பிள்ளை சொல்லிச்சுது, அங்கிள், துவக்குக்குப் பொருந்தாட்டி ஒண்டுக்கும் உதவாது, வாங்காதேங்கோ எண்டு. நான் சொன்னன், தம்பிக்குத் தெரியும், தெரியாமச் சொல்லமாட்டார் எண்டு. எண்டாலும் நாலையும் நாலு விதமா எடுத்தன். ஏதாவது ஒண்டு ஆருக்காவது பொருந்தும்தானே? ஞாயிறு விடிய நான் ரெடி. எத்தினை மணிக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அவர் அழைப்பை நிறுத்தவில்லை. ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு காருக்குள் தனியாக இருக்கிற ஒருவர் மூச்சு விடுகிற சத்தம். நான் இதைப் பல தடவை கேட்டுவிட்டேன்.

5.

முடிவு அ: நவரட்ணம் வருகிறார். மான் எதிரே வந்து நிற்கிறது. அவர் சுடாமல் துவக்கைத் தாழ்த்துகிறார். அழகாகத்தான் இருக்கிறது. இப்படி நிறைய எழுதிவிட்டேன், ஒன்றும் உண்மையில்லை.

முடிவு ஆ: அவர் இல்லாமல் போய்வருகிறேன். மான் இறைச்சியில் ஒரு பொதியை மல்வேர்னுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் கதவைத் திறந்து, "அட, மறந்துபோனியளோ தம்பி, பரவாயில்லை" என்று என்னைக் காப்பாற்றி அனுப்புகிறார். இது நடக்கக்கூடியது. அதனால் பயமாக இருக்கிறது.

முடிவு இ: அவருக்குக் கடையிலேயே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் நாலு பெட்டியைத் தூக்கிக்கொண்

இதை முடிக்க என்னால் ஏலாது.

6.

ஏன் கூப்பிடவில்லை? விவாகரத்துக்குப் பிறகு எனக்கென்று இருப்பதும் அந்த நாலு நாள்தான். அங்கே யாரும் என்னிடம் எதையும் விசாரிப்பதில்லை. நவரட்ணத்தை ஏற்றினால் அவருடைய வெறும் வீடும் கூடவே ஏறிவிடும். என்னுடையதை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வெட்கம்தான். வேறொன்றுமில்லை.

நாளை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். வாகனத்தில் ஐந்து இருக்கை. ஐந்தாவதில் எப்போதும் ஐஸ் பெட்டியை வைப்போம். அதைப் பின்னுக்கும் வைக்கலாம்.

என் துவக்குக்கு .308 தோட்டா. அவர் வாங்கிய நாலில் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவரைத்தான் கேட்கவேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்வரை அழைக்கத் தேவையில்லை. அதனால்தான் இதை இவ்வளவு தூரம் இழுத்தேன். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்வரை நானும் ஏதாவது எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

வாசிப்பதை நிறுத்துங்கள்.