இடக் கன்னம்

எவுதோசியா தன் தலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஆள் உயர அட்டைத் தலை, சாயம் பூசிப் பட்டறை வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. நாளை வருடத்தின் கடைசி நாள். குவயாகில் நகர மீன் சந்தைக்காரர்கள் தங்கள் தலைவி எவுதோசியாவின் பொம்மையைக் கொளுத்திப் பழைய வருடத்தை அனுப்பிவைப்பார்கள். எரிக்கப்படுவதில் அவருக்கு ஏகப் பெருமை.

“யாருடா இவ? பேங்க் கவுன்டர்ல உக்காந்திருப்பாளே, அவளா?” என்று அதைச் செய்த பைரனிடம் கேட்டார்.

கூட வந்தவள் சிரித்தாள். “இவ யாரையும் திட்டவே மாட்டா போலக்கா. தேவதை!”

“நாளைக்கு மத்தியானம் லாரி வரும். அதுல நான்தான் ஏறணும். இவள ஏத்த மாட்டேன்” என்றார் எவுதோசியா.

பட்டறை முதலாளி வாஷிங்டன் லிந்தாவ், பைரனிடம் திரும்பினார். “அட்டை வெட்ட கம்ப்யூட்டர் எதுக்குன்னு அப்பவே கேட்டேன். லாரி காலியாப் போச்சுன்னா உன் பெட்டியத் தூக்கிட்டு நீயும் கெளம்பு.”

பைரனுக்குப் போக வேறு இடமில்லை. மார்ச்சில் மனைவி யாதிரா இறந்த பிறகு, காலையில் எழ அவனுக்கு இருந்த ஒரே காரணம் இந்தப் பட்டறை.

தவறு எங்கே என்று உடனே தெரிந்தது. திரையில் பாதி முகத்தை மட்டும் செய்திருந்தான். மறுபாதியை மென்பொருள் கண்ணாடிபோல் தானே போட்டுக்கொண்டது. இரு பக்கமும் ஒன்றாக இருந்தால், இரண்டு அட்டையை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் இரண்டு கன்னத்தையும் எடுத்துவிடலாம். பொம்மை செய்யும் இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் நேரம் மிச்சம் பிடிப்பார்கள். சினிமா வீரர்களின் முகத்துக்கு அது போதும்.

கொடுத்த போட்டோக்களும் உதவவில்லை. எல்லாவற்றிலும் எவுதோசியா வாயை நேராக வைத்துப் போஸ் கொடுத்திருந்தார்.

“அக்கா, போகாதீங்க. என்னத் திட்டுங்க” என்றான் பைரன்.

“என்னது?”

“சந்தையில திட்டுற மாதிரி.”

“அதுக்குக் கேக்கணுமாடா? நாறிப்போன மீனப் பாத்து ஒதுக்கத் தெரியாத பய, என் மூஞ்சியப் பாத்து என்னத்தக் கிழிச்ச! கன்னியாஸ்திரியாடா நான்?”

வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. இடக் கன்னம் குழிந்தது. அந்தப் பக்கத்துக் கண் சுருங்கியது. பைரன் மடிக்கணினியை அட்டைக் கட்டின்மேல் வைத்து, கண்ணாடி வசதியை அணைத்துவிட்டு, அவரைப் பார்த்தபடியே திரையில் கன்னத்தை இழுத்தான். பத்து நிமிடம். மார்ச்சுக்குப் பிறகு எவர் முகத்தையும் அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

வழவழப்பாக்கவா என்று மென்பொருள் கேட்டது. வேண்டாம் என்றான். அதே மென்பொருள் அந்தக் கோணல் கன்னத்தை நொடியில் தட்டையாக விரித்தும் கொடுத்தது. முப்பத்தொரு துண்டு, எண்ணோடும் ஒட்டும் மடிப்போடும். கையால் வரைந்தால் இரண்டு நாள் ஆகும்.

“எல்லாத்தையும் தனித்தனியா வெட்டணுமா?” என்றார் வாஷிங்டன்.

“ஆமா மாஸ்டர். இதுக்கு ஜோடி கெடையாது.”

வாஷிங்டன் ரம்பத்தை எடுத்து, தலையின் இடப்பக்கத்தை அறுக்க ஆரம்பித்தார்.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பசை காயவில்லை. மின்விசிறி வைத்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாம் துண்டு பிய்ந்துகொண்டு வந்தது. மறுபடி வெட்டினார்கள். கடைசிச் சாயம் பூசும்போதே தெருவில் ஹாரன் கேட்டது.

லாரியின் பின்னாலிருந்து ஒரு சுமைக்காரன் பீர் பாட்டிலோடு குதித்தான். தலையைப் பார்த்ததும் பாட்டில் அவன் முதுகுக்குப் பின்னால் போனது.

“குடிக்கலக்கா, சும்மா கையில…” என்றவன் விழித்தான். “அடச்சே, பொம்மை!”

முன்பக்கத்திலிருந்து எவுதோசியா இறங்கினார். சுமைக்காரனைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். வாய் இடப்பக்கம் போனது.

“அவளப் பாத்து பயந்தேல்ல? ஏத்துடா!”

ஆறு பேர் தூக்கினார்கள். தாடைப் பக்கத்துத் துண்டுகள் இன்னும் ஈரம். கூடவே பைரனும் ஏறிக்கொண்டான்.

“தம்பி, சாயங்காலம் வந்துடு. உன் பெட்டி இங்கதான் இருக்கும்” என்று கத்தினார் வாஷிங்டன்.

லாரி குலுங்கிக் கிளம்பியது. பைரன் அந்த ஈரக் கன்னத்தில் இரு உள்ளங்கைகளையும் வைத்தான்; சந்தை வரும்வரை எடுக்கவில்லை.