சுத்தியல் தொட்ட எஞ்சின்

எங்கள் வீட்டில் எனக்குச் சுத்தியல் என்று பெயர். ஆறு வயதில் வைத்தார்கள். அண்ணனுடைய பொம்மை ரயில் எஞ்சினை நான் உடைத்துவிட்டேனாம். உடைத்ததை யாரும் பார்க்கவில்லை. உடைந்த துண்டையும் யாரும் காட்டவில்லை. எஞ்சின் ஓடவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன். தீர்ப்பு சொல்ல வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வருஷமாக, அந்த வீட்டில் நான் எதைத் தொட்டாலும், "ஏய் சுத்தியலு, கீழ வை" என்று ஒரு குரல் வந்துவிடும். டார்ச் லைட்டுக்கு பேட்டரி போடக்கூட எனக்கு அனுமதி கிடையாது.

இதில் வேடிக்கை, என் பிழைப்பே ரிப்பேர் வேலைதான். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுக் குடைவார்களே, அந்தக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். உள்ளே இருக்கும் பேரிங் மிளகளவுதான் இருக்கும். ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் என்னை நம்பித்தான் இருக்கிறது. என்னைப் பெற்றவளின் காது மெஷின் மட்டும் என்னை நம்பாது. ஒரு வருஷமாக அது கொய்யென்று கத்திக்கொண்டிருக்கிறது. "கொடும்மா, பாக்குறேன்" என்றால் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். "வேணாம்டி, அரைகுறையாவாவது கேக்குது. அதுவும் போயிடப் போகுது" என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணன் என் பட்டறைக்கு வந்தான். பட்டறை தொடங்கிப் பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் வருகை. கையில் துணிப்பை, பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் அந்த எஞ்சின். பச்சைக் குழந்தையை டாக்டரிடம் காட்டுவது போல அதை மேஜையில் வைத்தான்.

"ஆபீஸ்ல எங்க டைரக்டர் இருக்காருல்ல, அவர் இந்த மாதிரி ரயில் வெச்சிருக்கறவங்க சங்கத்துக்குச் செயலாளராம். ஞாயித்துக்கிழமை கண்காட்சி. நானும் ஒண்ணு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

"ஓடுதுன்னும் சொல்லிட்டியா?"

அண்ணன் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தான்.

"மூணு கடைக்குக் கொண்டு போனேன். தொட மாட்டேங்கறாங்க. கடைசியாத்தான் உன் ஞாபகம் வந்தது."

கடைசியாக! என்ன ஒரு பெருந்தன்மை. அதோடு நிறுத்தினானா? கிளம்பும்போது வாசலில் நின்று, "பாத்து செய். ஏற்கனவே ஒரு தடவை ஒடச்சிருக்க" என்றான். கையில் இருந்த திருப்புளியை மேஜையில் வைத்துவிட்டேன். நல்ல திருப்புளி, அவன் மண்டையில் பட்டு முனை மழுங்கினால் வேறு வாங்க வேண்டும்.

சரி, வேலை என்று வந்தால் வேலைதான். அவன் படியிறங்கியதும் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு எஞ்சினைக் கவிழ்த்தேன். பல்சக்கரங்களில் போட்ட கிரீஸ் இத்தனை வருஷத்தில் மெழுகாக இறுகியிருந்தது. அச்சில் தலைமுடி சுற்றியிருந்தது, கம்பளி நூல் சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் இடுக்கியால் பிடுங்கினேன். ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். சக்கரங்கள் ஓரளவு பளபளத்தன. புது எண்ணெய், ஊசி முனையில் எடுத்து ஒரு சொட்டு. விரலால் தள்ளினால் சக்கரம் சொகுசாகச் சுற்றியது.

கரண்ட் கொடுத்தேன். மூச்சுகூட விடவில்லை.

இந்த மாதிரி மோட்டாருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரித்துண்டு இருக்கும். கார்பன் பிரஷ் என்போம். அரிசியளவுதான், பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டிருக்கும். அது வழியாகத்தான் கரண்ட் மோட்டாருக்குப் போகும். பல் டாக்டர் கருவியிலும் இதே சங்கதிதான், தினமும் நாலைந்து மாற்றுகிறேன். இடது பக்கத்து மூடியைக் கழற்றினேன். கரித்துண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வலது பக்கத்து மூடியைக் கழற்றினேன். காலி. கரித்துண்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை.

அந்த மூடியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். திருப்புளி போடும் வெட்டைச் சுற்றிக் கீறல், கூரான எதையோ வைத்து நெம்பிய கீறல். காம்பஸ் முனை.

கீழே விழுந்தால் எஞ்சின் நசுங்கும், சக்கரம் கோணும், புகைபோக்கி உடையும். திருகி மூடிய மூடிக்குள்ளிருந்து கரித்துண்டு எழுந்து, வெளியே வந்து, மறுபடி மூடியைத் திருகிவிட்டுப் போகாது. யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஆறு வயதில் எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் கிடையாது. அந்த வீட்டில் காம்பஸ் வைத்திருந்த ஒரே ஆள் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத் துணை மேலாளர்.

பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த அட்டை ஒரு ஓரத்தில் பிரிந்திருந்தது, கத்தியால் கிளப்பினேன். கோடு போட்ட நோட்டுத் தாள், நாலாக மடித்தது, அட்டைக்குக் கீழே நழுவிப் போய்க் கிடந்தது. உள்ளே கரித்துண்டு, ஸ்பிரிங். தாளில் எழுத்து. யார் எழுத்து என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு தடவை படித்தேன், லென்ஸை வைத்து மறுபடியும் படித்தேன். எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அப்போது தெரியவில்லை. இரண்டும்தான்.

சனிக்கிழமை பகல் எஞ்சினோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். அண்ணன் எடுத்து வைத்திருந்த தண்டவாளத்தைச் சாப்பாட்டு மேஜையில் வட்டமாகப் பூட்டி, எஞ்சினை வைத்து, கரண்டைத் திருப்பினேன். ஒரு இழுவை, ஒரு முனகல், அப்புறம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. உப்பு ஜாடியைத் தாண்டி, தண்ணீர்க் குவளையைத் தாண்டி, முழு வட்டம். அண்ணன் குழந்தை மாதிரி கை தட்டினான்.

"நாப்பத்திரெண்டு வருஷம்! ஒடச்சவளே சரி பண்ணிட்டா பாரு!" என்று அண்ணியிடம் சொன்னான். அண்ணி சிரித்தாள்.

அம்மா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஓடுதாடா? அவள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். பையிலிருந்து திருப்புளியை எடுத்து, வலது பக்கத்து மூடியைக் கழற்றி, கரித்துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"ஏய், என்ன பண்ற? நாளைக்குக் காலைல கண்காட்சிடி!"

"தெரியும்ணே. இது உன் பெட்டிக்குள்ள இருந்தது. படி."

தாளை நீட்டினேன். வாங்கிப் பிரித்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா அது?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. கடை பில்லு."

அடேங்கப்பா! ஐம்பத்து நாலு வயதிலும் என்ன வேகம். "அந்த பில்லைக் கொஞ்சம் வாய்விட்டுப் படி. படிச்சாத்தான் இது திரும்ப உள்ள போகும்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான். டைரக்டரை நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

"கேக்கலடா!" என்றாள் அம்மா. காது மெஷின் கொய்யென்றது.

"அம்மாவுக்குக் கேக்கலண்ணே."

கொஞ்சம் சத்தமாகப் படித்தான்.

"என்னது? சரியாச் சொல்லு!"

மூன்றாவது தடவை அண்ணன் கத்தினான். எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"இது என் ரயிலில் இருந்து நான் கழற்றி வைத்தது! நான் டூர் போயிருக்கும்போது தங்கச்சி ஓட்டக் கூடாது! வந்து மாட்டிக்கொள்ள வேண்டும்! இப்படிக்கு..."

இப்படிக்குக் கீழே தேதியும் போட்டு, முழு இனிஷியலோடு கையெழுத்தும் போட்டிருந்தான். அந்த வயதிலேயே அதிகாரி.

அண்ணி அவசரமாக உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வந்து தேடினேன். பெட்டில காணோம். அப்பா ஏன் ஓடலன்னு கேட்டாரு, பெல்ட்ட கழட்டிட்டாரு. உன் பேரு வாயில வந்துடுச்சு" என்றான். தாளை மறுபடி நாலாக மடித்துக்கொண்டே, "அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நிஜம்னு ஆயிடுச்சு" என்றான்.

அதை நான் நம்பினேன். ஒரு பொய்யை நாற்பத்திரண்டு வருஷம் வேலை வாங்கினால் அதற்குப் பென்ஷனே கொடுக்கலாம், நம்புவதற்கென்ன? ஆனால் அந்தப் பொய்யைச் சுமந்தது நான். அதையும் அவனிடமே சொன்னேன். "அன்னிக்கு உனக்கு விழ வேண்டிய அடி, அது எனக்கு இன்னிக்கி வரைக்கும் விழுந்துட்டு இருக்குண்ணே." அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும்; அதற்கு என்னிடமும் கருவி இல்லை.

"இப்ப அதப் போட்டுடறியா?" என்றான் மெதுவாக.

வாயைத் திறந்தேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்கத்தான். அதற்குள் அம்மா எழுந்து வந்தாள். மேஜையைப் பிடித்துப் பிடித்து, தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். அண்ணனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் கைவிட்டு, அந்த மெஷினைக் கழற்றி, முந்தானையில் ஒரு தடவை துடைத்து, என் உள்ளங்கையில் கரித்துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் கொஞ்சம் பாரும்மா."

அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"வரிசைல வாண்ணே" என்றேன். "அம்மாவோடது முதல்ல."

லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை, கண் அப்படி நிறைந்திருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். குழாயில் அழுக்கு அடைத்திருந்தது, விளிம்பில் ஒரு விரிசல். பத்து நிமிஷ வேலை. ஒரு வருஷமாக வெறும் பத்து நிமிஷ வேலை.

"ஒடைக்க மாட்டேன்மா" என்றேன், பழக்க தோஷத்தில்.

காதில் மெஷின் இல்லை, அம்மாவுக்கு அது கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.