ஒரே இடத்தில் நின்ற குமிழிகள்

"சீனி காணாது" என்றார் அமிர்தநாயகம், பிளேன்ரீயில் ஒரு மிடறு குடித்துவிட்டு.

"உங்களுக்கு எந்தக் காலத்தில காணும்?" மனைவி நிறஞ்சலா இன்னொரு கரண்டி போட்டாள்.

குடித்து முடித்து எழுந்தார். வலது காலில் செருப்பு ஏறவில்லை. ஏறியதாக நினைத்து இரண்டடி வைத்தார். அவள் குனிந்து அந்தக் கால்விரலை அழுத்திக் கிள்ளினாள். அவர் முகம் மாறவில்லை.

"நேற்றுக் கடலால வரேக்கையே இப்பிடியோ?"

"ம்."

விடத்தல்தீவில் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கு மூழ்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்தால் கைகால் மரத்துப்போகும். அதற்கு அவர்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. மரத்தவனின் இடுப்பில் கயிறு கட்டித் திரும்பவும் கீழே கொண்டுபோவார்கள். உணர்வு வரும்வரை ஒருவர் அவன் கையைப் பிடித்து அசையாமல் வைத்திருப்பார். டாக்குத்தர்மார் கூடவே கூடாது என்பார்கள். கேட்டவர்கள் குறைவு.

போன வருடம், ஒரே படகில் தொழிலுக்கு வரும் டிலோஜனை அப்படிப் பிடித்திருந்தவர் அமிர்தநாயகம். அதன் பிறகு கரையில் நாலுபேர் கூடினால் போதும்.

"உவனுக்கு ரெண்டாந்தரம் ஞானஸ்நானம் குடுத்தது நான்தான். ஞானத்தகப்பன் எண்டு கூப்பிடடா!"

டிலோஜன் சிரித்துக்கொண்டே கூப்பிடுவான். வேறென்ன செய்வான்?

"ஆஸ்பத்திரிக்குப் போவம். இல்லாட்டி டிலோஜனிட்டையாவது சொல்லுங்கோ" என்றாள் நிறஞ்சலா.

"சொன்னா நாளைக்கு அவன் எனக்கு ஞானத்தகப்பன். சிரிச்சே சாகடிச்சுப் போடுவாங்கள்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா என்ன தேய்ஞ்சா போடுவியள்?"

"நீ வாய் திறக்கக் கூடாது. மாதா மேல ஆணை."

அவள் திறக்கவில்லை.

அன்று படகில் டிலோஜன் கேட்டிருக்கிறான். "அண்ணை, நானும் இறங்கட்டோ?"

"அட்டைக்குப் போறன், திருவிழாவுக்கில்லை. துணை வேண்டாம்."

கயிறும் கட்டவில்லை. கட்டினால் விளங்கிவிடும்.

அட்டை தேடுகிறவனின் குமிழிகள் நகர்ந்துகொண்டே போகும். இவருடையவை ஒரே இடத்தில் பொங்கின. அவர் அட்டைக்குப் போகவில்லை, காலுக்குத்தான் போயிருக்கிறார் என்று டிலோஜனுக்கு விளங்கியது. இறங்கிக் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் அவருடைய முகம் எப்படியாகும் என்று யோசித்தான். கொஞ்சம் பொறுத்தான். குமிழிகள் நின்ற பிறகுதான் குதித்தான்.

அமிர்தநாயகத்தின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, இதையெல்லாம் கதிரை நுனியில் இருந்தபடி அவன்தான் சொன்னான்.

"எனக்கு விளங்கினது, அக்கா. அண்ணை ஏசுவார் எண்டு பொறுத்திட்டன்."

ஒரு கணம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பழியை முழுதாகச் சுமக்க ஒருவன் தானாகவே வந்திருக்கிறான். அப்படியே விட்டிருந்தால் அவன் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பான்.

"எனக்கு விடியவே தெரியும், தம்பி. நானும் பொறுத்தனான்."

கடலுக்கு ஒருநாளும் பயப்படாத மனிதர், கரையில் நாலுபேர் சிரிப்பதற்குப் பயந்தார். அந்தச் சிரிப்பைப் பழக்கிவிட்டவரும் அவரேதான். சொன்னால் யாரும் சிரித்திருப்பார்களா என்று அவனைக் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. டிலோஜன் அழுதுகொண்டிருந்தான்.

"அவர் இறங்கின இடத்தில எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.

"எட்டுப் பாகம். நேற்றும் போய்க் கயித்தில ஈயக்குண்டு விட்டு அளந்து பாத்தனான், அக்கா. எட்டுத்தான்."