மாமா நின்ற ஓரம்

விடுதிக்குப் போன நாளில் மழை பெய்தது என்றுதான் என் நினைவு. அக்காவின் படத்தில் இருந்த மழையை அந்த நாளின்மேல் நானே பெய்வித்துக்கொண்டேனோ என்னவோ. மற்றதைச் சரியாகத்தான் சொல்கிறேன் என்று நம்புகிறேன்.

அக்கா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினாள். நேரம் கிடைத்தால் படம் எடுப்பாள். நூலகத்தில் எட்டுப் படங்களை ஒரு மாதம் மாட்டிக்கொள்ள அவளுக்குச் சுவர் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, எல்லாம் ஃப்ரேம் போட்டிருக்க வேண்டும். படங்களைப் பெரிதாக அச்சடித்ததிலேயே கை காலியாகிவிட்டது. கடைகளில் நல்ல ஃப்ரேம் யானை விலை. மலிவானவை தூக்கும்போதே வளைந்தன.

மூடப்போகும் விடுதி ஒன்றைத் தேடிப் பிடித்தது நான். அங்கே அறைக்கு ஒரு படம், எல்லாவற்றிலும் அதே அருவி. ஆனால் ஃப்ரேம் கனமான நல்ல மரம். அக்காவின் கணவர், என் மாமா, பேரத்தை முடித்தார்.

"எட்டு அருவியும் எடுத்துக்கறோம். குளிக்க ஒரு சோப்பு சேர்த்துக் குடுங்க."

அளவெடுத்தது நான்தான். மரத்தின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை அளந்திருக்கிறேன். வீட்டில் அருவியைக் கழற்றிப் படத்தை வைத்தால், நான்கு விரல் அகலம் உள்ளே போக மறுத்தது.

"ஊமைக்கோட்டான் அளந்தா இப்படித்தான்," என்றாள் அக்கா. கோபமில்லை.

வெட்டத் தொடங்கினோம். ஏழு படங்களில் வானமும் சாலையும் சுவரும்தான் போயின. எட்டாவது, வேன் கதவு வழியாக எடுத்த நெட்டைப் படம். வலது ஓரத்தில் படியேறும் சிறுமியின் முகம். இடது ஓரத்தில் மாமா. அக்கா மறந்துபோன சாப்பாட்டைக் கொடுக்க ஓடிவந்து, மழைக்கு அந்த டப்பாவையே தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னை வெட்டிரும்மா. புள்ள முகம் முக்கியம்."

"வெட்ட மாட்டேன்."

"யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

மாமா பிளேடை எடுத்தார். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். வெறும் ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவறு என்னுடையது, ஆனால் வெட்டுப்படப் போவது அவர். விரல் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தது. நான்கு மூலையிலும் கட்டைகள் ஒரே சாய்வில் அறுக்கப்பட்டிருந்தன. அப்படியானால் நீளக் கட்டை நீளக் கட்டையோடும் சேரும். இரண்டு ஃப்ரேமின் நீளக் கட்டைகள் நான்கையும் சேர்த்தால் ஒரு பெரிய சதுரம். நெட்டைப் படத்தின் அகலம் முழுதாக உள்ளே நிற்கும். உயரத்தில் மட்டும் கொஞ்சம் வானம் போகும். பக்கங்களில் மிஞ்சும் இடத்துக்கு அட்டை வைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டைக் கழட்டணும் மாமா," என்றேன்.

"அட, கோட்டான் வாயைத் திறந்துருச்சு!" குறடோடு வந்தார் மாமா.

ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டு அக்கா வந்தாள். கண்ணாடி பொருந்தாது, பரவாயில்லை என்றாள். ஆனால் ஒரு ஃப்ரேம் குறைந்துவிட்டது. ஒரு படத்தை விட்டாக வேண்டும்.

"இவன் ஜன்னல் பக்கத்துல புஸ்தகம் படிக்கிற படம்," என்றாள், யோசிக்காமலே.

"ஏன், நான் என்ன பண்ணினேன்?"

"அளந்தியே!"

எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

நூலகத்தில் ஒரு அம்மாள் சதுர ஃப்ரேமின் முன் வெகுநேரம் நின்றார். "டப்பாவைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கிறது யாரு, பாவம்?"

"யாரோ பைத்தியம்," என்றார் பக்கத்திலேயே நின்ற மாமா.

"என் வீட்டுப் பைத்தியம்," என்றாள் அக்கா. அந்த அம்மாள் மாமாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அக்கா இன்னும் ஏழு வருஷம் வேன் ஓட்டினாள். இப்போது பார்வை மங்கி வீட்டில் இருக்கிறாள். மாமா போன வருஷம் இறந்தார். படியேறிய சிறுமி செவிலியாகிவிட்டாள். நான் அக்காவோடுதான் இருக்கிறேன்.